வெள்ளைச் சன்னல் வைத்த கோழிவீடு

சிங்கப்பூரின் சிக்லாப் வட்டாரத்தில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் முதலில் நின்ற கோழிக்கூட்டை, வந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வெளிர்நீலப் பலகை, வெள்ளைச் சன்னல், சன்னலுக்குக் கீழே நீளமான பூத்தொட்டி, கூரை முகட்டில் சேவல் உருவம் வெட்டிய தகடு. பத்து மாதம் அது நின்றது. அந்தப் பத்து மாதத்தில் நான்கு கோழிகளில் இரண்டை இழந்தோம். அதற்குப் பிறகு கட்டியது இரும்புச் சட்டமும் கம்பி வலையும்தான். அதை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் கோழிகள் அதில் நிம்மதியாக இருக்கின்றன, நானும் இரவில் தூங்குகிறேன்.

கோழி வளர்க்கலாமா என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கும் தோழிகளுக்கும் இதுவரை வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சுதான். எட்டு வயது மகள் கேட்டாள்: "நம்ம வீட்டிலேயே வளர்த்தா முட்டையாவது கிடைக்கும்ல அம்மா?" மாமனார் காலத்துத் தரைவீடு என்பதால் எங்களுக்கு அந்த வசதி இருந்தது. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரைவீட்டில் வியாபார நோக்கம் இல்லாமல் பத்துக் கோழிகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் காட்டுப் பறவைகள் நுழைய முடியாதபடி கூடு முழுக்க மூடியிருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவாமல் இருக்கத்தான் இந்த விதி. இதை முதலிலேயே படித்திருந்தேன். படித்தும் கூடு வாங்கும்போது அதைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளவில்லை.

இணையத்தில் அந்த நீலக்கூட்டைப் பார்த்ததும் மகளும் நானும் ஒரே நேரத்தில் "இதுதான்" என்றோம். 480 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). தட்டையான பெட்டியில் வந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க என் கணவர் திருகாணி முடுக்கினார். பெட்டியின் மேல் ஆறு கோழிகளுக்கானது என்று போட்டிருந்தது. உள்ளே தூங்கும் அறை மூன்றடி நீளம், இரண்டடி அகலம். அதாவது ஆறு சதுர அடி. மூடிய அறை என்றால் ஒரு கோழிக்கு நான்கு சதுர அடியாவது வேண்டும் என்பது கோழி வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் அது ஒன்றரைக் கோழிக்கான வீடு. நாங்கள் நான்கு நாட்டுக்கோழிகளை விட்டோம். செவலை, கரிச்சி, புள்ளி, பொன்னி. பெயர்கள் மகள் வைத்தவை.

என் மாமியார் செம்பவாங் கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமக் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்குக் கடற்படைத் தளத்தில் வேலை. பக்கத்து மலாய்க்காரர் வீட்டு ரெபானில் கோழி அடைத்து வளர்ந்த கை அவருடையது. தரையிலிருந்து இடுப்புயரத்துக்குக் கால் நட்டு, இடைவெளி விட்ட மூங்கில் பிளாச்சுகளைத் தரையாகப் பரப்பி, எச்சம் தானாகக் கீழே விழும்படி கட்டுவதுதான் ரெபான். நீலக்கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சன்னலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கும்மா. ஆனா காத்து எந்தப் பக்கமா வந்து எந்தப் பக்கமாப் போகும்?" என்று கேட்டார். "சன்னல் இருக்கே அத்தை" என்று சொன்னேன். அந்தக் கேள்வியை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் புள்ளியும் பொன்னியும் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும்.

டிசம்பர் வரை பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. சின்னச் சின்னதாகச் சில உறுத்தல்கள் இருந்தன, நாங்கள்தான் பொருட்படுத்தவில்லை. கோழிகள் முட்டைப் பெட்டிக்குள்ளேயே தூங்கின. காலையில் முட்டை எடுத்தால் எல்லாம் எச்சம் அப்பிக்கிடக்கும். கோழி எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் இரவு அடையும். அந்தக் கூட்டில் உட்காரும் தடி முட்டைப் பெட்டியைவிடத் தாழ்வாக இருந்தது. வெளியிலிருந்து பார்க்கும்போது சன்னல் நடுவில் வரவேண்டும் என்பதற்காகத் தடியைக் கீழே இறக்கியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முன்பக்கம் திறந்தவெளிப் பகுதிக்கு மேல்மூடி இல்லை, பெரிய கண் வலை மட்டும். மைனாக்கள் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர்க் கிண்ணத்தில் எச்சமிட்டன. விதி எதற்காக இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. உடனே மேலே தகரம் அடித்தோம், வலையையும் மாற்றினோம். கூட்டின் அழகில் பாதி அன்றைக்கே போய்விட்டது.

பிறகு வடகிழக்குப் பருவமழை வந்தது. ஜனவரியில் நாட்கணக்கில் விடாமல் மழை. பலகைகள் ஊதிக் கதவு மூட மறுத்தது. உள்ளே போட்ட மரத்தூள் காலையில் போட்டால் மாலைக்குள் பிசுபிசுத்தது. ஈர எச்சத்திலிருந்து நவச்சார நெடி, அதாவது அம்மோனியா, கிளம்பும். காற்றோட்டம் இருந்தால் அது கலைந்துவிடும். இல்லாவிட்டால் கோழி படுக்கும் உயரத்திலேயே தேங்கி நின்று கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். நாம் நின்றபடி மோந்து பார்த்தால் பெரிதாகத் தெரியாது. குனிந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். நான் அப்படிக் குனிந்து பார்த்தது புள்ளிக்கு மூச்சில் இரைச்சல் கேட்ட பிறகுதான். பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து கொடுத்தார். முதல் கேள்வியே "கூட்டில் நெடி இருக்கிறதா?" என்பதுதான். ஐந்தாவது நாள் புள்ளி இறந்துபோனது.

அதற்குப் பிறகு கூட்டைக் கழற்றிக் கழுவப் போனபோது இன்னொன்று தெரிந்தது. மிச்சக் கோழிகள் சில நாட்களாக மாலையில் உள்ளே போக அடம்பிடித்தன. புள்ளியைத் தேடுகின்றன என்று நினைத்தோம். அத்தை இரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ஒரு வெள்ளை மெல்லிழைத்தாளை (டிஷ்யூவை) மடித்து, கோழிகள் உட்கார்ந்திருந்த தடியின் அடிப்பக்கமாக ஓர் இழு இழுத்தார். தாளில் சிவப்புக் கோடு விழுந்தது. குடித்த ரத்தத்தோடு நசுங்கிய செள்ளு. பகலில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சன்னல் ஓரத்து அலங்காரப் பட்டைகளுக்கு அடியிலும், பலகைக்குப் பலகை கொக்கி மாட்டிய இடுக்குகளிலும், கூரைத் தாளுக்குக் கீழும் பதுங்கிக்கிடக்கும். இரவில் இறங்கி வந்து குடிக்கும். அந்தக் கூட்டில் எத்தனை அழகுப் பட்டைகள் இருந்தனவோ அத்தனையும் செள்ளுக்கு வீடு. கொதிநீர் ஊற்றினோம், பட்டைகளைப் பெயர்த்தோம், மருந்து அடித்தோம். ஒழிந்தது என்று நினைத்த மூன்றாவது வாரம் திரும்ப வந்தது.

எந்தக் கூடு வாங்கினாலும் இந்த மெல்லிழைத்தாள் சோதனையை மாதம் ஒரு முறை செய்யுங்கள். இரவில்தான் செய்ய வேண்டும்.

பூத்தொட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் அடித்தட்டில் மழைநீர் தேங்கி, ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அதில் கொசுப்புழுக்கள் நெளிவதை நானே பார்த்தேன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். டெங்கிக்கு இவ்வளவு பயப்படும் ஊரில், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது, என் கொல்லையில் அதைப் பார்த்தது எனக்கு வெட்கமாக இருந்தது. கோழி அம்மையும் கொசு மூலம் பரவும். அன்றே பூத்தொட்டியைக் கழற்றி எறிந்தேன். தண்ணீர்க் கிண்ணத்தையும் மாற்றி, கோழி அலகால் தட்டினால் சொட்டு விழும் குழாய்களைப் பொருத்தினோம். தேங்குவதற்கு எதுவும் இல்லை.

மே மாதம். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37.0 டிகிரி பதிவானது. 1983க்குப் பிறகு அவ்வளவு வெப்பத்தை இந்த ஊர் பார்த்ததில்லை. அன்று இரவு பத்து மணிக்கு நீலக்கூட்டின் கதவைத் திறந்தேன். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் ஆவி அடித்தது. மூன்று கோழிகளும் தடியில் இல்லை. தரையில், ஒன்றுக்கொன்று எட்டி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி, அலகைத் திறந்துகொண்டு நின்றன. தொண்டை துடிப்பது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. செவலையின் கொண்டையைத் தொட்டேன், சுட்டது. வெப்பமானியை உள்ளே வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். வெளியே 30, உள்ளே 34.

கோழியின் உடம்பு வெப்பமே 41 டிகிரிக்கு மேல். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொண்டைக்கும் தாடைக்கும் ரத்தத்தை அனுப்பி வெப்பத்தை வெளியேற்றும், இறக்கையை விரித்துக் காற்று வாங்கும், கடைசியில் வாயைத் திறந்து இரைக்கும். இரைக்கும்போது மூச்சுக்குழாயின் ஈரம் ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். நம் ஊர் இரவுக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. மூடிய பெட்டிக்குள் மூன்று கோழிகளின் மூச்சும் சேர்ந்துகொண்டால் ஆவியாக இடமே இல்லை. இரைக்க இரைக்கக் களைப்புதான் மிஞ்சும்.

அந்த நீலக்கூடு கெட்ட கூடு என்று சொல்ல வரவில்லை. பனி பெய்யும் ஊருக்கு அது சரியாக இருக்கலாம். சின்னச் சன்னல், இறுக்கமான பலகைச் சுவர், கறுப்புத் தார்த்தாள் கூரை எல்லாம் வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கத்தான். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19.0 டிகிரி, அதுவும் 1989 பிப்ரவரியில். இங்கே எந்தக் கோழியும் குளிரில் சாகப்போவதில்லை. குளிருக்குக் கட்டிய வீட்டை வெயிலுக்கு வாங்கிவிட்டோம்.

அன்று இரவு செய்ததுதான் அடுத்த தப்பு. காற்று வரட்டும் என்று இரண்டு சன்னல் கதவுகளையும் திறந்தே வைக்கத் தொடங்கினோம். கதவுக்குப் பின்னால் அழகான மரக் குறுக்குச் சட்டம் இருந்தது. சட்டத்துக்குச் சட்டம் நான்கு விரல் இடைவெளி.

ஜூன் மாதம், விடியற்காலை நான்கு மணி இருக்கும். ஒரே ஒரு முறை கோழி கத்தியது. கொக்கரிப்பு இல்லை, இழுத்துக் கத்தி, பாதியில் நின்ற சத்தம். நான் செருப்புப் போடாமல் ஓடினேன். டார்ச்சைச் சன்னலில் அடித்தபோது முதலில் கண்ணில் பட்டது பழுப்பும் மஞ்சளுமாக வலைக்கோலம் போட்ட ஓர் உடம்பு. முட்டைப் பெட்டியோரமாகச் சுருண்டிருந்தது மலைப்பாம்பு. அதன் சுருளுக்குள்ளிருந்து பொன்னியின் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செவலையும் கரிச்சியும் எதிர் மூலையில் சுவரோடு ஒட்டி, அசையாமல் நின்றன. கதவைத் திறந்து அவை இரண்டையும் என் கணவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கரிச்சியின் நெஞ்சு அவர் கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டதை இன்றும் சொல்வார். வனவிலங்கு மீட்பாளர்கள் வந்து சேர்வதற்குள் பாம்பு பொன்னியை விழுங்கி முடித்துவிட்டது. வந்த வழியே திரும்ப அதனால் முடியவில்லை, வயிறு சட்டத்தில் சிக்கியது. அவர்கள் பதறாமல் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். பாம்பின்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த ஊரின் வடிகால்கள் எல்லாம் அதற்குச் சாலை, எலியைத் தின்று வாழ்கிறது. அதைக் கொல்லவும் கூடாது. நான்தான் சன்னலைத் திறந்து வைத்தவள்.

மகள் இரண்டு நாள் பின்பக்கம் வரவே இல்லை. மூன்றாம் நாள் வந்து, "சன்னலை மூடினா மூச்சு முட்டுது, திறந்தா பாம்பு வருது. அப்ப என்னதாம்மா செய்றது?" என்று கேட்டாள். கூடு பற்றி நான் கற்றுக்கொண்டது முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. காற்றா, காவலா என்று நம்மைத் தேர்ந்தெடுக்க வைக்கும் கூடு இந்த ஊருக்கு ஆகாது. இரண்டையும் ஒரே சுவர் தரவேண்டும். அந்தச் சுவர் கம்பி வலைதான்.

காக்கி புக்கிட்டில் ஓர் இரும்புப் பட்டறைக்குப் போனோம். மேற்பார்வையாளர் புதுக்கோட்டைக்காரர். நான் தாளில் வரைந்து எடுத்துப்போன படத்தைப் பார்த்தார். அதிலும் நான் ஒரு பக்கம் பலகைச் சுவரும் சன்னலும் போட்டிருந்தேன். மனம் அவ்வளவு சீக்கிரம் விடுகிறதா? "ஊர்ல பஞ்சாரம் பாத்திருக்கீங்களாக்கா? முழுக்க ஓட்டை. அதைக் கவுத்துப் போட்டு மேல ஒரு கல்ல வச்சிட்டுப் போயிடுவோம். கோழிக்குக் காத்து ஓடணும், அவ்வளவுதான்" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "கூட்டிக் கழுவ நீங்க எப்படி உள்ள போவீங்க?"

நீலக்கூட்டில் நான் மண்டியிட்டு, தலையையும் ஒரு கையையும் மட்டும் உள்ளே விட்டுச் சுரண்டுவேன். அதனால் வாரம் ஒரு முறை செய்ய வேண்டியதைப் பத்து நாள், பதினைந்து நாள் என்று தள்ளிப்போட்டேன். புள்ளியைக் கொன்றதில் அந்தக் குட்டைக் கதவுக்கும் பங்கு உண்டு. நிமிர்ந்து நின்று பெருக்க முடிகிற கூட்டை மனிதர்கள் பெருக்குவார்கள். குனிந்து புக வேண்டிய கூடு அழுக்காகத்தான் கிடக்கும். புதுக்கூட்டின் உயரம் ஆறரை அடி, என் கணவர் தலை இடிக்காமல் நிற்கலாம். பத்தடி நீளம், எட்டடி அகலம். நான்கைந்து கோழிகளுக்கு அது தாராளம்.

வலை பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அறுகோணக் கண்ணோடு சுருட்டி விற்கும் மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்க மட்டும்தான் உதவும். வெளியே இருப்பதைத் தடுக்காது. எலி புகுந்துவிடும், குட்டிப் பாம்பு புகுந்துவிடும், பெரிய விலங்கு இழுத்தால் பிய்ந்துவிடும். நாங்கள் போட்டது துத்தநாகம் பூசிய, கண்ணுக்குக் கண் பற்றவைத்த, அரை அங்குலச் சதுர வலை. அதை ஆணியாலோ கிளிப்பாலோ அடிக்காமல், சட்டத்தின் வெளிப்பக்கம் வைத்து மேலே தட்டையான இரும்புப் பட்டை கொடுத்துத் திருகாணியால் இறுக்கினார்கள். தரையோரமாக அதே வலையை வெளிப்பக்கம் ஒன்றரை அடி மடித்துப் படுக்க வைத்து மேலே சரளைக்கல் போட்டோம். உடும்போ எலியோ சுவரோரம் வந்து தோண்டத் தொடங்கினால் நகம் முதலில் அந்த வலையில்தான் படும். பின்னால் தள்ளி நின்று தோண்ட அவற்றுக்குத் தோன்றாது.

கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்று தாழ்ப்பாள், அதன் மேல் மலையேறுபவர்கள் மாட்டும் வளையக் கொக்கி. சிக்லாப்பில் மரநாய்கள் அதிகம், எங்கள் கூரைமேலேயே குடித்தனம் நடத்துகின்றன. மாம்பழமும் சப்போட்டாவும்தான் அவற்றுக்குப் பிடித்தவை, ஆனால் முட்டையும் கோழியும் கிடைத்தால் விடாது. புதுக்கூட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா வைத்த முதல் வாரம், இரவு இரண்டு மணிக்கு ஒன்று வந்து முட்டைப் பெட்டி மூடியை மூக்கால் தூக்கிப் பார்த்ததைப் பார்த்தோம். சாதாரணக் கொக்கியாக இருந்தால் திறந்திருக்கும்.

கூரைக்கு நெளித்தகடு, அதன் அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய வெப்பத்தடுப்பு. நான்கு பக்கமும் இரண்டடி வெளியே நீள்கிறது. மழை சாய்ந்து அடித்தாலும் நடுப்பகுதி நனைவதில்லை. விடியற்காலையில் மேற்கிலிருந்து சீறி வரும் சுமத்ராப் புயற்காற்றுக்குத்தான் கூரை போதவில்லை. முதல் முறை வந்தபோது கூட்டுக்குள் பாதித் தரை நனைந்துவிட்டது. அதனால் மேற்குப் பக்கம் மட்டும் இடுப்புயரத்துக்குப் பலகை, அதற்கு மேல் பழைய கடைவீடுகளில் தொங்குமே, அந்த மாதிரி சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டி. மூங்கில் தட்டி அத்தையின் யோசனை. பட்டறைக்காரர் சொன்னது இதைவிட இரண்டு மடங்கு செலவு.

உட்காரும் தடியைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைத்தோம். ஒன்று உயரம் ஒன்று தாழ்வு என்று வைத்தால் உயரத்துக்குச் சண்டை வரும். இரண்டு அங்குல அகலச் சட்டம், மேல் விளிம்பை மட்டும் உருட்டி இழைத்தது. ஒரு கோழிக்கு முக்கால் அடிக்குக் கொஞ்சம் கூடவே. தடி இரண்டும் சட்டத்தில் பள்ளத்துக்குள் உட்காருகின்றன, ஆணி இல்லை. தூக்கி எடுத்து வெயிலில் காயப்போடலாம். செள்ளு ஒளிய இடுக்கே இல்லாத கூட்டில் அது தங்குவதில்லை. தாள் சோதனையில் இதுவரை வெள்ளையாகத்தான் வருகிறது. முட்டைப் பெட்டி ஓரடிக்கு ஓரடி, இரண்டு. தடியைவிடத் தாழ்வாக, இருட்டாக, வெளியிலிருந்து மூடியைத் திறந்து எடுக்கும்படி. ஒன்றே போதும், ஏனென்றால் இரண்டு இருந்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கின்றன.

தரை மண்ணுக்கு மேல் ஆற்றுமணல், அதன் மேல் மரத்தூளும் தேங்காய்நாரும். தடிக்குக் கீழே ஒரு பலகை. பாதி எச்சம் இரவில்தான் விழுகிறது, காலையில் அந்தப் பலகையை மட்டும் சுரண்டினால் போதும், இரண்டு நிமிட வேலை. சுரண்டியது உரத்தொட்டிக்குப் போய், இரண்டு மூன்று மாதம் மக்கி, கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் வருகிறது. தீவனத்தை மூடியுள்ள தகரப் பீப்பாயில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வரும்படி வாங்காதீர்கள். ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும்.

மொத்தம் 1,900 வெள்ளி ஆனது. நீலக்கூட்டோடு சேர்த்தால் 2,380, மருத்துவர் செலவு தனி. முதலிலேயே பட்டறைக்குப் போயிருக்கலாம். கையில் பணம் குறைவாக இருந்தால் கோழியைக் குறைத்துக்கொள்ளுங்கள், வலையைக் குறைக்காதீர்கள்.

அக்கம்பக்கத்தைப் பற்றியும் ஒன்று. 2017ல் சின் மிங் பகுதியில் சுற்றித்திரிந்த 24 கோழிகள், சத்தம் தாங்கவில்லை என்று புகார் போனதை அடுத்துப் பிடித்துக் கொல்லப்பட்டன. ஊரே அதைப் பற்றிப் பேசியது. நாங்கள் சேவல் வைத்துக்கொள்ளவில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். கூட்டைப் பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சுவரிலிருந்து தள்ளி, எங்கள் சமையலறைப் பக்கம் நிறுத்தினோம். நெடி வந்தால் முதலில் எங்களுக்குத்தான் வரவேண்டும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கு வாரம் ஆறு முட்டை. அவர் எங்களுக்குப் பப்பாளி தருகிறார்.

அழகே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். தினமும் பார்க்கிற இடம், குழந்தை ஓடி வருகிற இடம். ஆனால் அது கூட்டைக் கட்டி முடித்த பிறகு வெளியில் சேர்கிற அழகாக இருக்கட்டும். காற்று போகிற வழியில் நிற்காமல், தண்ணீர் தேக்காமல், இடுக்கு உண்டாக்காமல். மேற்குப் பக்கம் வலைக்கு ஒரு முழம் தள்ளித் தனிக்கம்பி கட்டி, சங்குப்பூக் கொடி ஏற்றியிருக்கிறோம். பிற்பகல் வெயிலை அது வாங்கிக்கொள்கிறது. வெப்பமானி வைத்துப் பார்த்தேன், மூன்று மணிக்குக் கொடி உள்ள பக்கம் இரண்டு டிகிரி குறைவு. அத்தை காலையில் பூப்பறித்துச் சாமிக்கு வைக்கிறார். முட்டைப் பெட்டியின் வெளி மூடியில் மகள் நான்கு கோழிகளை வரைந்து வண்ணம் தீட்டியிருக்கிறாள். புள்ளியும் பொன்னியும் அதில் உண்டு.

இப்போது ஐந்து கோழிகள். செவலைக்கும் கரிச்சிக்கும் துணையாக மூன்று இளசுகள் வந்தன. போன வாரம் விடியற்காலை மூன்று மணிக்கு இடியோடு காற்று அடித்தது. மூங்கில் தட்டி இறக்கியிருந்தோமா என்ற சந்தேகத்தில் குடையும் டார்ச்சுமாகப் போனேன். அத்தை எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தார், நைட்டிமேல் துண்டைப் போர்த்தியபடி. தட்டி இறங்கியிருந்தது. ஐந்தும் தடியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. வெளிச்சம் பட்டதும் கரிச்சி ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடியது. அத்தை வலைக்கதவைத் திறந்து, குனிந்து, தடிக்குக் கீழிருந்து ஒரு கைப்பிடி மரத்தூளை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்திருந்தது.